ஊரை எண்ணிய ஆண்டு

எங்கள் பக்கத்தில் 2011 என்று பேச்செடுத்தால் ஆளுக்கொரு 2011 வெளியே வரும். எஸ்.ஆர்.எம் பல்கலைக்கழகத்தில் அப்போது படித்தவர்களுக்கு அது செயற்கைக்கோள் போன வருஷம். ஜி.எஸ்.டி சாலையோரம் கடை வைத்திருந்தவர்களுக்குப் பிரதமர் வந்த வருஷம். ரேஷன் கார்டு வைத்திருந்தவர்களுக்கு 20 கிலோ அரிசி இலவசமான வருஷம். டீக்கடைக்காரரைக் கேட்டால் பால் விலை ஏறியதைத்தான் முதலில் சொல்வார். எனக்கு அது தலை எண்ணிய வருஷம். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்த நான் அந்தப் பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு பொத்தேரித் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தினமும் ரயிலிறங்கிப் பள்ளிக்கு நடந்துபோன ஊர்தான். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டிப் பொத்தேரி. அடுத்த நிறுத்தம் காட்டாங்குளத்தூர். பல்கலைக்கழகத்தின் முகவரியில் காட்டாங்குளத்தூர் என்று இருந்தாலும் பிள்ளைகள் ஏறி இறங்குவது பொத்தேரியில்தான். 1985-இல் எஸ்.ஆர்.எம் பொறியியல் கல்லூரி இங்கே தொடங்கியபோது இது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களின் வரிசை. அதே ஆண்டில்தான் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் திறக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார்கள்: ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் புலி வந்தது, இன்னொரு பக்கம் காலேஜ் வந்தது என்று. பிறகு மறைமலைநகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை, பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. 2002-இல் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மருத்துவமனை வந்தது. வயல்கள் மனைகளாயின. மனைகளில் மாடி மேல் மாடி எழும்பி, ஒவ்வொரு மாடியிலும் மாணவர்கள் குடியேறினார்கள். 2011 பிறந்தபோது எங்கள் ஊர் இப்படித்தான் இருந்தது.

அந்த ஆண்டின் முதல் வாரமே பெரிய வாரம். ஜனவரி 3-ஆம் தேதி இந்திய அறிவியல் மாநாட்டின் 98-ஆவது கூட்டம் எஸ்.ஆர்.எம் வளாகத்தில் தொடங்கியது. 1914-இல் கல்கத்தாவில் நூற்றுச் சொச்சம் பேரோடு தொடங்கிய மாநாடு இது. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பெரிய நகரத்தில் கூடும். அது எங்கள் லோக்கல் ரயில் நிறுத்தத்துக்கு எதிரே வந்து கூடியது எங்களுக்கெல்லாம் சொல்லிமாளாத பெருமை. பிரதமர் மன்மோகன் சிங் வந்து தொடங்கி வைத்தார். நோபல் பரிசு பெற்றவர்கள் வந்தார்கள்.

அதற்குச் சில நாள் முன்னாலிருந்தே சாலை மாறிப்போனது. நடுத்திட்டுக்குக் கறுப்பு வெள்ளைச் சாயம் அடித்தார்கள். பள்ளங்களைத் தார் போட்டு மூடினார்கள். சாலையோரத் தள்ளுவண்டிகள் ஒரே இரவில் காணாமல் போயின. ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்கும் அக்கா கூடையோடு உள் தெருவுக்குப் போய், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வாரத்தை ஓட்டினார். அவரிடம் அன்றாடம் சாப்பிட்ட பையன்கள் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே வந்துவிட்டார்கள். மாநாடு முடிந்து வண்டிகள் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகும் அந்தத் திண்ணைக்கு வாடிக்கை குறையவில்லை.

மாநாட்டையொட்டிய கண்காட்சிக்கு எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். அவர்களில் ஒரு பெண் அந்த வளாகத்தை எனக்கே சுற்றிக் காட்டினாள். எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் எந்தக் கட்டடம், எந்த வழியாகப் போனால் நிழல், எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுடைய அம்மா விடுதிச் சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை பார்த்தார். விடுமுறை நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு போவாராம். ராக்கெட் மாதிரியின் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்த மாணவரிடம் அவள் கேட்டாள்: “மேலே போறப்போ கழண்டு விழுற துண்டு எங்கண்ணா விழும்?” அவர், “கடல்லம்மா. அதுக்குத்தான் கடலோரமா ஏவுதளம் கட்டியிருக்காங்க” என்றார். ஏவுதளம் ஏன் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது என்பது எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் புரிந்தது. நான் பாடத்தில் சொல்லிப் புரியாத விஷயம் அது.

மாநாடு தொடங்கிய மறுநாள் அமர்த்தியா சென் உரையாற்றினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் நாளந்தாவும் அறிவியல் தேடலும். அந்த உரையை நாங்கள் நாளிதழில்தான் படித்தோம். ஆசிரியர் அறையில் அதைப் பற்றி இரண்டு மூன்று நாள் பேச்சு ஓடியது. நாளந்தாவுக்கு வந்து படித்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை அப்போது எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் சொன்னார். ஏறக்குறைய நூறு கிராமங்களின் வருவாயை அரசர்கள் நாளந்தாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள், அந்தக் கிராமத்து வீடுகளிலிருந்து அரிசியும் வெண்ணெயும் பாலும் நாள்தோறும் போய்ச் சேர்ந்தன என்பது அந்தச் செய்தி. அந்தப் பால் எனக்கு மனதில் நின்றுவிட்டது. நாளந்தாவின் ஆசிரியர்கள் பெயர் நமக்குத் தெரியும். தர்மபாலர், சீலபத்திரர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பால் கொண்டுவந்த ஊர்களில் ஒன்றின் பெயர்கூட என் வாயில் வரவில்லை.

அடுத்த மாதம் படிவங்கள் வந்தன.

கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை. ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் 29. பயிற்சி வகுப்பில் எங்களுக்கு மிகவும் குழப்பம் தந்தது எது குடும்பம் என்ற கேள்வி. விதிப்படி விடை எளிமையானது: ஒரே அடுப்பில் பொங்கித் தின்பவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு கட்டாயமில்லை. விடுதி என்றால் அது நிறுவனக் குடும்பம், அதற்குத் தனி ஏற்பாடு. ஆனால் உறவில்லாத நாலு பேர் ஒரு அறையில் தங்கி, ஆளுக்கொரு மெஸ்ஸில் சாப்பிட்டால்? நாலு பேரும் நாலு தனிக் குடும்பம். வேறு ஊர்களில் இது புத்தகத்தோடு போயிருக்கும். பொத்தேரியில் தெருவுக்குத் தெரு இதுதான் நிலவரம்.

எனக்கு ஒதுக்கிய பகுதியில் பழைய ஓட்டு வீடுகளும் இருந்தன, மூன்று மாடிக் கட்டடங்களும் இருந்தன. ஒரு மாடியில் கதவைத் தட்டினேன். பனியனோடு எட்டிப் பார்த்த பையன் என் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ஒரே அறையில் ஐந்து பேர். நெல்லூர், விஜயவாடா, பாட்னா, ஜாம்ஷெட்பூர், கோட்டயம். உட்கார நாற்காலி இல்லை, ஒருவன் பாயை உதறிப் போட்டான். சுவரோரம் பொறியியல் புத்தகங்கள், ஜெராக்ஸ் நோட்டுகள், கொடியில் ஈரத் துணி.

“தம்பி, சேர்ந்து சமைக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெல்லூர்ப் பையனுக்குத் தமிழ் நன்றாக வந்தது. மூலையில் இருந்த மின்சார அடுப்பைக் காட்டி, “நைட் மட்டும் மேகி போடுவோம் மேடம். காலையில ஸ்டேஷன்ல இட்லி. மத்தியானம் மெஸ். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து முட்டைக் குழம்பு” என்றான். ஐந்து பேரையும் ஐந்து குடும்பமாக எழுதுவதா, ஒரு குடும்பமாகவா? ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்புக்கு யார் வெங்காயம் நறுக்குவது, காசை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன். மளிகைக்கென்று தனி நோட்டு வைத்திருந்தார்கள். அரிசி, எண்ணெய், முட்டை, காஸ் எல்லாம் அதில் தேதிவாரியாக இருந்தன. நோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஒரே குடும்பம் என்று எழுதினேன். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டபோது, கூச்சப்பட்டுக்கொண்டு ஜாம்ஷெட்பூர்ப் பையனைத் தள்ளிவிட்டார்கள். வாடகையை வாங்கிக் கொடுப்பவன் அவன்.

நெல்லூர்ப் பையனுக்கு ஒரு தயக்கம். “ஊர்ல அம்மா என் பேரையும் சேர்த்துச் சொல்லியிருப்பாங்க மேடம்.” இந்தக் கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் நீ எங்கே தங்கியிருக்கிறாயோ அங்கேதான் உன் பெயர் வர வேண்டும், இரண்டு இடத்திலும் வரக்கூடாது என்று விளக்கினேன். அவன் உடனே ஊருக்குப் போன் போட்டான். தெலுங்கில் நீண்ட பேச்சு நடந்தது. போனை மூடிவிட்டுச் சொன்னான்: “வீட்டுக் கணக்குல பிள்ளை பேரை எப்படிடா விடறதுன்னு கேக்கறாங்க.” பிறகு அவனே, “நான் சொல்லிப் புரிய வைக்கறேன், நீங்க இங்கே எழுதிக்குங்க” என்றான். தாய்மொழி தெலுங்கு, தெரிந்த பிற மொழிகள் ஆங்கிலம், தமிழ் என்று எழுதியபோது தமிழ் என்ற இடத்தை அவன் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்து ஓட்டு வீட்டில் ஒரு ஆயா தனியாக இருந்தார். எல்லோரிடமும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, முன்பு எந்த ஊரில் இருந்தீர்கள், அங்கிருந்து இங்கே வந்த காரணம் என்ன என்பது. காரணங்களை அவர்களே வகைபிரித்துக் கொடுத்திருந்தார்கள்: வேலை, வணிகம், கல்வி, திருமணம், மேலும் சில. எங்கள் பகுதியில் பெண்கள் பெரும்பாலோருக்குத் திருமணம். பையன்களுக்குக் கல்வி. ஒரு தெருவை எழுதி முடிக்கும்போது இந்த இரண்டு காரணங்கள்தான் மாறி மாறி வந்தன. ஆயாவும் கல்யாணம் ஆகி வந்தவர்தான். எத்தனை வருஷமாச்சு என்றால் கணக்குத் தெரியவில்லை. “எம்ஜியாரு செத்தப்போ எம் பெரியவ வயசுக்கு வந்துட்டா. நீயே கணக்குப் போட்டுக்கோ டீச்சரம்மா” என்றார். போட்டுக்கொண்டேன்.

அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார்: “மேல இருக்கற பசங்களயும் இந்த ஊருன்னா எழுதிக்கற?”

“ஆமா ஆயா. இங்கதானே இருக்காங்க.”

“அப்ப கொழாத் தண்ணி சேத்து வுடுவாங்களா?”

அவர் கேட்டது நியாயம். அந்த வீட்டுக் கைப்பம்பு வற்றிப் பல வருஷமாகியிருந்தது. மாடிக்கு லாரித் தண்ணீர் வந்தது. ஆயா குழாயடிக்குக் குடத்தோடு போனார். ஒரு ஊருக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை பள்ளி, எத்தனை துப்புரவுப் பணியாளர் என்பதெல்லாம் தலை எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவாகும். இந்தப் பையன்கள் இங்கே கணக்கில் வந்தால் ஆயாவுக்கும் அதில் பங்கு உண்டு. வராமல் போனால் அவர்கள் குளிக்கும் தண்ணீரும் போடும் குப்பையும் மட்டும் இங்கே, எண்ணிக்கை நெல்லூரிலும் பாட்னாவிலும். நான் படிவத்தை அவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு அந்த ஆயாவின் கேள்விதான் காரணம்.

மூன்றாவது வகை ஆட்களை நான் எதிர்பார்க்கவே இல்லை. புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் தகரக் கொட்டகைகள். ஒடிசா, வங்காளம், பீகார். ஒரே அடுப்பைச் சுற்றி ஒரு கொட்டகைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். சுவர் எழுப்புகிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள், செங்கல் சுமக்கும் பெண்கள். மேஸ்திரி இருந்து மொழிபெயர்த்துச் சொன்னார். வந்த காரணம்: வேலை. படிப்பு என்ற இடத்தில் பலருக்கும் எழுதத் தெரியாது என்றே எழுத வேண்டியிருந்தது. அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது வகுப்பறைகள். பிப்ரவரி 28 இரவு வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது உத்தரவு. டார்ச் விளக்கோடு ஸ்டேஷன் நடைமேடையிலும் மேம்பாலத்தடியிலும் நாங்கள் சுற்றினோம். படுத்திருந்தவர்களை எழுப்பிப் பெயர் கேட்பது மனதுக்குக் கஷ்டமான வேலை. ஆனால் எழுப்பிக் கேட்ட ஒருவர் கூடத் திட்டவில்லை. ஒரு முதியவர் தன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று வாசித்துக் காட்டச் சொன்னார்.

மார்ச் முடிவில் முதற்கட்ட எண்ணிக்கை வெளியானது. நாடு 121 கோடி. அப்போது எங்கள் மாவட்டம் காஞ்சிபுரம், ஏறக்குறைய 40 லட்சம். பத்தாண்டில் 39 விழுக்காடு வளர்ச்சி, மாநிலத்திலேயே அதிகம். அந்த வளர்ச்சியில் தாம்பரத்துக்குத் தெற்கே இருந்த ஜி.எஸ்.டி சாலையோர ஊர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏப்ரல் 2, கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். அன்றைக்கு ராத்திரி பொத்தேரியில் தூங்கியவர் யாரும் இல்லை. இதற்கு மேல் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 13 சட்டமன்றத் தேர்தல். வழக்கம்போல எங்களுக்கு வாக்குச்சாவடிப் பணி. வாக்காளர் பட்டியலைப் புரட்டியபோதுதான், பிப்ரவரியில் நான் எழுதிய ஊரும் இந்தப் பட்டியலில் இருந்த ஊரும் ஒன்றல்ல என்று பட்டது. மாடி அறைகள் எதுவும் பட்டியலில் இல்லை. கொட்டகைகளும் இல்லை. ஊரில் தலைகள் ஒரு கணக்கு, வாக்குகள் ஒரு கணக்கு, ரேஷன் கார்டுகள் இன்னொரு கணக்கு. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் பழைய வீடுகளுக்கு மட்டும் வந்தார்கள், மாடிப்படி ஏறவில்லை. வாக்கு இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? ஊரின் பாதிப் பேருக்கு ஊரின் நிர்வாகத்தில் குரல் இல்லை என்பது பல்கலைக்கழக ஊர்களுக்கே உரிய சிக்கல். தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை என்று எதைக் கேட்பதானாலும் அந்தச் சிக்கல் வந்து நிற்கும்.

மே மாதம் விடுமுறையில், சமூக அறிவியல் ஆசிரியரின் வற்புறுத்தலில், நாங்கள் சிலர் திருமுக்கூடல் போனோம். நாளந்தாவைப் பற்றிப் பேசியவர் அவர்தான். “நாளந்தா பீகார்ல இருக்கு, நம்ம மாவட்டத்துலயே ஒண்ணு இருக்கு, பாருங்க” என்று அழைத்துப் போனார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு. பதினோராம் நூற்றாண்டு. கோயிலையொட்டி ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனை இருந்ததை அது சொல்கிறது. விடுதி மாணவர்கள் சனிக்கிழமை தலை முழுக எண்ணெய்க்கு ஏற்பாடு இருக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் என்று அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள். இவருக்கு இவ்வளவு நெல் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

வெயிலில் அந்தச் சுவரோரம் நின்று ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்குப் பிப்ரவரிப் படிவங்கள்தான் கண்ணில் வந்தன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்விச்சாலையின் தண்ணீர்க்காரரையும் நாவிதரையும் நாம் இன்றைக்கு அறிவோம், காரணம் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டார்கள். எங்கள் ஊரின் 2011-ஐ எழுதும்போது பிரதமரும் அமர்த்தியா சென்னும் கட்டாயம் வருவார்கள். விடுதியில் காய் நறுக்கியவர் வருவாரா? திண்ணை இட்லிக்கடை வருமா? என் முடிவு அன்றைக்கே உறுதியானது. சமையல்கட்டை விட்டுவிட்டு எழுதிய பல்கலைக்கழக வரலாறு பாதி வரலாறுதான். திருமுக்கூடலில் எழுத்து வெட்டியவருக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம் நமக்கும் தெரிய வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது பாடநூல் இல்லை. சமச்சீர்க் கல்வி வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப் புத்தகம் கைக்கு வரும்வரை நாங்கள் கதை, கணக்கு விளையாட்டு, பொது அறிவு என்று வண்டியை ஓட்டினோம். ஸ்டேஷன் பக்கத்து அறைகளிலிருந்து சில கல்லூரிப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்து கணிதம் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. முட்டைக் குழம்புக் குடும்பத்துப் பையன் ஒருவனை வழியில் பார்த்து, பிள்ளைகள் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமை மூன்று பேர் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட கோட்டயத்துப் பையன் பின்னங்களை மலையாளம் கலந்த தமிழில் நடத்தினான். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

அக்டோபர் 12, புதன்கிழமை, காலை 11 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி சி-18 கிளம்பியது. அதில் இந்திய பிரெஞ்சு கூட்டுமுயற்சியான மேகா-டிராபிக்ஸ் முதன்மைச் செயற்கைக்கோள். அதனோடு லக்சம்பர்க்கின் வெசல்சாட், கான்பூர் ஐ.ஐ.டி மாணவர்களின் ஜுக்னு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் எஸ்.ஆர்.எம்சாட். எடை 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ரேஷன் அரிசிப் பையை விட லேசு. வளிமண்டலத்தில் கரியமில வாயுவையும் நீராவியையும் அளக்கும் நிறமாலைமானி அதில் இருந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இல் போயிருந்தது. பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி வடக்கே பார்க்கச் சொன்னோம். வெயிலில் கண் கூசியது. கோடு தெரிந்தது என்று பாதிப் பேர் சத்தியம் செய்தார்கள், மீதிப் பேர் அது மேகம் என்றார்கள். ஜனவரியில் கேள்வி கேட்ட பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போயிருந்தாள். அன்று மாலை ஸ்டேஷனில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். விடுதியில் அன்று பாயசம் போட்டதாகச் சொன்னார். “நம்ம பசங்க விட்டது மேல போயிடுச்சாமே டீச்சர்” என்றார். நம்ம பசங்க என்றுதான் சொன்னார்.

ஏறக்குறைய 865 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு 20 பாகைச் சாய்வில் அந்தப் பெட்டி பூமியைச் சுற்றியது. செயற்கைக்கோள் போன அதே வாரமும் அடுத்த வாரமும் எங்கள் தெருக்களில் உள்ளாட்சித் தேர்தல் ஆட்டோக்கள் ஒலிபெருக்கியோடு சுற்றின. 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு. வேட்பாளர்கள் எல்லோரும் சொன்ன முதல் வாக்குறுதி குடிநீர்.

நவம்பர் 17-இல் பால் விலை உயர்வும் பேருந்துக் கட்டண உயர்வும் அறிவிக்கப்பட்டன. ஆவின் பால் லிட்டர் 17 ரூபாய் 75 காசிலிருந்து 24 ரூபாயானது. ஸ்டேஷன் டீக்கடையில் டம்ளர் சிறுத்தது. மாணவர்கள் மாதக் கணக்கு வைத்திருந்த கடை அது. பருவத் தேர்வு நேரத்தில் கடனைக் கேட்டுத் தொல்லை கொடுக்க மாட்டேன், தேர்வு முடிந்து கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் பலகையில் எழுதி வைத்தார். டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்களுக்குக் காற்றும் மழையும் மட்டும். கடலூரிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போன் கிடைக்காமல் தவித்தார்கள். வருஷம் முடிந்தது.

பிறகு என்னென்னவோ நடந்துவிட்டது. 2015 வெள்ளம். 2017-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெயரிலிருந்து பல்கலைக்கழகம் என்பதை எடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்ப் பேச்சில் மட்டும் எஸ்.ஆர்.எம் இன்னும் யுனிவர்சிட்டிதான். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2020 ஊரடங்கில் மாடி அறைகளெல்லாம் காலியாகி, மெஸ்களும் ஜெராக்ஸ் கடைகளும் பூட்டிக் கிடந்தபோது, பிள்ளைகள் இல்லாமல் இந்த ஊர் ஒரு மாதம் தாங்காது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஃபோர்டு தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2011-இல் மூன்று மாடியாக இருந்த இடங்களில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஆயாவின் ஓட்டு வீடும் இல்லை, ஆயாவும் இல்லை.

ஆனால் அரசின் கணக்கில் எங்கள் ஊர் இன்னும் 2011-இல்தான் நிற்கிறது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. இன்றைக்கும் தண்ணீருக்கும் நிதிக்கும் எடுத்து வைக்கும் எண், நாங்கள் அந்தப் பிப்ரவரியில் வெயிலில் அலைந்து எழுதிய எண்ணிக்கை. பதினைந்து வருஷத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், யார் போய்விட்டார்கள் என்பதற்கு யாரிடமும் முறையான கணக்கு இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய பிப்ரவரியில் யாராவது ஒரு ஆசிரியர் கையில் கருவியோடு உங்கள் மாடிப்படி ஏறி வருவார். பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: நாங்கள் இந்த ஊர் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். வீட்டில் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, உங்கள் பெயரை இங்கே கொடுங்கள். வீட்டுச் சொந்தக்காரர்களும் மாடியில் எத்தனை பேர் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், உங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீர் அந்த எண்ணைப் பொறுத்தது. கட்டட மேஸ்திரிகளே, கொட்டகைகளை மறைக்காதீர்கள். வருகிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், உட்காரப் பாய் போடுங்கள், கேட்கிற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லுங்கள்.